நூற்றைம்பது பேருக்குக் கலந்த சாதம்

நூற்றைம்பது என்றே சொல்லிவிடலாம். நூற்று முப்பது என்றால் கடைசியில் வருகிறவர்கள் காலித் தட்டோடு நிற்பார்கள். நூற்றெழுபது என்றால் மிஞ்சும், மிஞ்சினால் பரவாயில்லை, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், ஆனால் திருச்சி வெயில் இப்போது இருக்கிற இருப்புக்குத் தயிர்சாதம் மதியத்துக்கு மேல் தாங்காது, புளித்துவிடும். சமையல்காரர் ராமையா மாஸ்டர் போனில் கேட்டது இந்த ஒன்றைத்தான். "எத்தனை பேருன்னு உறுதியாச் சொல்லிடுங்கம்மா, இப்ப வந்துக்கிட்டே இருக்கேன், வந்ததும் மளிகைக்குச் சொல்லிடலாம்." யோசித்து வைக்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுக்களை மேடையில் சாய்ந்து நிற்கிறேன், போன் கையில் இருக்கிறது, அதை மேடையில் வைக்க மனசு வரவில்லை. என் மருமகள் தேன்மொழிக்கு இது ஒன்பதாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அம்மா இல்லாத பெண், அதனால் அவள் வீட்டில் செய்ய வேண்டியதையும் சேர்த்து நாமே செய்துவிடலாம் என்று சொன்னது நான்தான். எல்லாரையும் கூப்பிடுவோம் என்று சொன்னதும் நான்தான். இப்போது அவளும் என் மகன் வெற்றியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். போய் எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்பது மாஸ்டர் கணக்கு. அப்படியென்றால் பத்தொன்பது கிலோ. புளிசாதத்துக்கு ஐந்து, எலுமிச்சைக்கு நாலு, தேங்காய்க்கு மூன்று, தயிருக்கு நாலு, சர்க்கரைப் பொங்கலுக்கு மூன்று. பத்தொன்பது. சரியாக வந்துவிட்டது. சரியாக வந்ததும் பயமாக இருக்கிறது, எதையோ விட்டுவிட்டதுபோல.

கூடத்தில் என் வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய அக்கா செண்பகம் அண்ணி லால்குடியிலிருந்து பேசுகிறாள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், அண்ணியின் குரல் வீடு முழுக்கக் கேட்கிறது. "ஏன் நடேசா, பஃபேன்னு சொல்றியே, பெரியவங்கள்லாம் தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணுமா? பந்தி போட்டு எல விரிச்சுப் பரிமாறினாத்தானே மரியாத?" மொட்டை மாடியில் பந்தல் போட்டிருக்கிறது, அதில் பந்தி உட்கார்த்தினால் ஒரு தடவைக்கு முப்பது பேர்கூட உட்கார முடியாது, அதனால்தான் மேசை போட்டு வரிசையாகப் பாத்திரம் வைக்கலாம் என்று முடிவு பண்ணினோம். இதை அவர் மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். அக்காவிடம் மருமகள் எங்கே போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை. அது நல்லது. சொன்னால் அண்ணி ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பாள், அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டாம். பஃபேயில் ஒரு சங்கடம் இருக்கிறது, பரிமாறுகிற ஆளின் கை அளவு கிடையாது, அவரவர் கைதான் அளவு. முதலில் வருகிறவர்கள் உருளைக்கிழங்கு வறுவலை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கடைசி ஆளுக்குப் பாத்திரத்தில் எண்ணெய்தான் இருக்கும். ஆளுக்கு நூறு கிராம் என்றால் பதினைந்து கிலோ, இருபது என்று சொல்லிவிடலாம். வடை ஆளுக்கு இரண்டு, முந்நூறு, ஆனால் தானே எடுத்துக்கொள்கிற இடத்தில் யார் இரண்டோடு நிற்கிறார்கள். நானூறு. போன் அதிர்ந்ததுபோல் இருந்தது. இல்லை. 

காலையில் நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி நிற்கிறவரைக்கும் தேன்மொழி அடுக்களை வாசல்படியில் நின்றிருந்தாள் போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை, நிறுத்திய பிறகுதான் குரல் கேட்டது. "அத்தை, நேத்து ராத்திரியிலேருந்து அசைவு கம்மியா இருக்கற மாதிரி இருக்கு. சும்மா எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையில் ஈரத்தலை துவட்டிய துண்டு, முகத்தில் மஞ்சள் சரியாகக் கழுவாமல் காதோரம் ஒட்டியிருந்தது. நான் என்ன செய்தேன். அடுப்பை அணைத்தேன். அது ஞாபகம் இருக்கிறது. இட்லி வெந்திருக்கவில்லை, பாதியில் அணைத்துவிட்டேன். "வெற்றி, கெளம்பு, இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். இவர் பேப்பரை இறக்கிவிட்டு, "இப்பவேயா? மாஸ்டர் வர்ற நேரம். சாயங்காலம் டாக்டர் எப்படியும் இருப்பாங்க, சாவகாசமாப் போலாமே" என்றார். "இப்பவே" என்றேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரியே இல்லை. தேன்மொழியின் முகம் மாறிவிட்டது. அதுவரை அவளுக்கு அது ஒரு சின்ன சந்தேகம், நான் கத்தினதில்தான் பயமாகிவிட்டது. இரண்டு வாய் இட்லி சாப்பிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு போயிருக்கிறாள். செருப்பு மாட்டும்போது குனிய முடியாமல் வெற்றியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், திரும்பி, "நீங்க இருங்கத்தை, மாஸ்டர் வருவாருல்ல, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்றாள். நானும் ஆமாம் மாஸ்டர் வருவார் என்றேன். மாஸ்டருக்காக ஒன்றும் நான் இருக்கவில்லை. வயிற்றில் மிஷினை வைத்து அவர்கள் துடிப்பைத் தேடுவார்களே, அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.

புளி எவ்வளவு என்று மாஸ்டர் கேட்பார். ஐந்து கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ புளி, பழம்புளியாக இருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். புளியை முதல் நாளே கரைத்துக் காய்ச்சி வைத்துவிட வேண்டும், அப்போதுதான் சாதத்தில் ஊறும். என் வளைகாப்பு அன்றைக்கும் புளிக்காய்ச்சல் முதல் நாளே தயாராகிவிட்டது. லால்குடி வீட்டில், பின்கட்டில், பெரிய இரும்புச் சட்டியில். அதை நினைக்க வேண்டாம். தேங்காய் பதினைந்து காய் போதும், இல்லை, சட்னிக்கும் சேர்த்து இருபது. என் மாமியார் அன்று காலையில் புளிக்காய்ச்சலில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இருபத்திரண்டு வயது எனக்கு. "அத்தை, நேத்துலேருந்து பிள்ள அசையவே இல்ல" என்றேன். அவர் உள்ளங்கையில் விட்ட புளிக்காய்ச்சலை நக்கிப் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் கன்னத்தைத் தடவினார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடியக் கால் பிடித்துவிட்டவர். "தூங்குதுடி கண்ணு. சொந்தமெல்லாம் வந்து எறங்கியாச்சு, இப்பப் போய் எங்க கெளம்புறது? வளையல் போட்டு முடியட்டும். அந்தச் சத்தத்துல தானா முழிச்சுக்கும்." நானும் நம்பினேன். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் நம்பவில்லை, நம்பினால் நன்றாக இருந்தது, அதனால் நம்பினேன். மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, ஒவ்வொருத்தராக வந்து வளையல் அடுக்கினார்கள், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். யாரும் பார்க்காதபோது நான் கையைக் குலுக்கினேன். மடியில் வைத்துக் குலுக்கினேன், வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினேன். எல்லாரும் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், பொண்ணுக்கு வளையல்மேல் எவ்வளவு ஆசை பாரு என்று ஒருத்தி சொன்னாள். பிறகு சாப்பிட உட்கார வைத்தார்கள். ஐந்து சாதத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடணும், சாப்பிட்டாத்தான் பிள்ளைக்குப் போகும் என்றார்கள். சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பந்திமேல் பந்தியாக ஜனங்கள் சாப்பிட்டார்கள், எதுவும் குறையவில்லை, அன்றைய சாப்பாட்டைப் பற்றி ஊரில் ரொம்ப நாள் பேசினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னப் புனல் மாதிரி இருந்த குழாயை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். நகர்த்தி வைத்தாள். மறுபடி நகர்த்தி வைத்தாள். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள்.

வெற்றி அதற்கு அப்புறம் பிறந்தவன். அவனுக்கு இது எதுவும் தெரியாது. இந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது, யாரும் பேசக் கூடாது என்று சொல்லவில்லை, யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். தேன்மொழிக்கு நான் சொல்லியிருக்க வேண்டுமோ. மாசமாக இருக்கிற பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வது. போன் அடித்தது. விழுந்துவிடப் போகிறது என்று இரண்டு கையாலும் பிடித்தேன். வெற்றிதான். "அம்மா, உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க, என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டாங்க." "யாரு உள்ள இருக்கா? டாக்டர் இருக்காங்களா?" "ஸ்கேன் பண்றவங்க இருக்காங்க. டாக்டர் இப்பத்தான் வேகமா உள்ள போனாங்க." "வேகமாவா?" என்று கேட்டேன். "அவங்க எப்பவும் வேகமாத்தாம்மா நடப்பாங்க. வெச்சிடறேன்." வைத்துவிட்டான். வேகமாக. எப்பவும் வேகமாக நடக்கிறவர்தான், நானே பார்த்திருக்கிறேன், தேன்மொழியோடு போனபோது பச்சைச் செருப்பைத் தட்டித் தட்டி நடந்து போனார். நாலு கிலோ தயிர்சாதத்துக்குப் பால் எவ்வளவு. சாதம் குழைய வெந்ததும் பாலைத்தான் நிறைய ஊற்ற வேண்டும், உறைத்தயிர் கொஞ்சம்தான், அப்போதுதான் புளிக்காது. எட்டு லிட்டர். பத்து லிட்டர். ஏன் வெளியே இருக்கச் சொன்னார்கள். போன தடவை ஸ்கேனுக்கு அவனையும் உள்ளே விட்டார்களே, திரையில் காலைக் காட்டினார்கள் என்று வந்து சொன்னானே. பத்து லிட்டர் பால். மாதுளை முத்து தூவலாம், பச்சைத் திராட்சை போடலாம். வெளியே இருக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்காது, கூட்டமாக இருந்திருக்கும். நூற்றைம்பது பேர் வந்து அவளைச் சுற்றி நின்று பார்க்கப் போகிறார்கள். எதற்கு நான் இத்தனை பேரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எல்லாம் நன்றாக நடந்தது என்று ஊருக்கெல்லாம் காட்டவா. அதே ஐந்து சாதம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேனே. இவர்கூடக் கேட்டார், புலாவ் வைக்கலாமே, சின்னப் பசங்களுக்குப் பிடிக்குமே என்று. வேண்டாம், கலந்த சாதம்தான் என்றேன். ஒருவேளை புலாவ் என்று சொல்லியிருந்தால். என்ன பைத்தியக்காரத்தனம். அரிசியில் என்ன இருக்கிறது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, ராமையா மாஸ்டர் உள்ளே வந்தார், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வழக்கமான ஜவ்வாது வாசனை. நாற்காலி போட்டேன், உட்காராமல் பின்பக்கம் அடுப்பு வைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "சொல்லுங்கம்மா, எத்தனை?" என் வாயில் எண் வரவில்லை. நூற்றைம்பது என்று அவ்வளவு நேரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு எழும்பவில்லை. சொன்னால் அது நடக்கப் போகிறது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் நடக்காது என்று நானே சொன்ன மாதிரி. "காபி சாப்பிடுறீங்களா மாஸ்டர்?" "இருக்கட்டும்மா. நூத்தம்பதுன்னு வெச்சுக்கட்டா? பஃபேன்னா கூட ஒரு பத்துப் பேரு சேத்தே போடணும், சாதத்தை மிச்சம் வெச்சுட்டு வறுவல மட்டும் ரெண்டு தடவ வாங்குவாங்க." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாஸ்டர் பேச்சை நிறுத்திக்கொண்டார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். "அம்மா" என்றான் வெற்றி. அவன் மூச்சு விடுகிறது கேட்டது. "துடிப்பு இருக்கும்மா." மேடையைப் பிடித்துக்கொண்டேன். "ஆனா விட்டு விட்டுக் கொறையுதாம். உள்ள தண்ணி ரொம்பக் கம்மியாயிடுச்சாம். இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்மா, உங்களைக் கேக்காமப் போட்டுட்டேன்." "போட்டது சரிடா." "டாக்டர் சொன்னாங்க, உடனே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சாம். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா…"  கூடத்தில் ஸ்பீக்கரில் செண்பகம் அண்ணி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இலைக்கு ஏற்பாடு பண்ணலாம் என்று. இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். "இப்பவே எடுக்கறாங்களாம்" என்றேன். அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார், அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் அணைத்தார். நான் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். "சமையல் வேண்டாம் மாஸ்டர். ஒண்ணும் வேண்டாம்." "சரிம்மா" என்றார் அவர். "நீங்க கெளம்புங்க. பந்தக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆட்டோவில் இவர் ஓரமாக உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.  பாலத்தில் ஏறும்போது பஸ் ஒன்று குறுக்கே நின்று வழி விடாமல் ஹாரன் அடித்தது, எனக்கு அந்த டிரைவரை இறங்கிப் போய் அடிக்க வேண்டும்போல் இருந்தது. மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். அவள் வெறும் வயிற்றோடு போனது நல்லதுதான், ஆபரேஷனுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், சாப்பிட்டிருந்தால் யோசிப்பார்கள். இட்லியைப் பாதியில் அணைத்தது நல்லது. அடுப்பை அணைத்தேனா, அணைத்தேன், காலையிலேயே அணைத்தாகிவிட்டது. நூற்றைம்பது பேரிடமும் யார் சொல்வது. மன்னார்குடியில் அவள் அப்பாவிடம் வெற்றி சொல்லியிருப்பானா. தண்ணீர் கம்மி என்றால் என்ன அர்த்தம், எப்போதிலிருந்து கம்மி, அவளை நான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ. அவள் என்னிடம் வந்து சொன்னாளே. எவ்வளவு தயங்கிச் சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால், இல்லை, மிக்ஸி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்து, அவள் சரி அப்புறம் சொல்லிக்கலாம் என்று திரும்பிப் போயிருந்தால். அந்த நினைப்பு ஒரு இடத்தில் போய் நின்றுவிட்டது, மேலே போகவில்லை, திரும்பவும் வாசல்படியில் அவள் நிற்கிறாள், திரும்பவும் மிக்ஸி ஓடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதுகூட இவர் தொட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மாடியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வெற்றி நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அதற்குள் கதவு திறந்தது. பச்சைத் துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்தாள். "பொண்ணு. நல்லா அழுதுச்சு. எடை கொஞ்சம் கம்மிதான், சில நாள் உள்ளயே வெச்சிருப்போம். அம்மாவும் நல்லா இருக்காங்க, தையல் போட்டுக்கிட்டிருக்காங்க. சட்டுன்னு பாத்துக்குங்க, நான் போகணும்." முகம் மட்டும்தான் தெரிந்தது. சிவந்து, புருவம் இல்லாமல், யார்மேலோ பயங்கரக் கோபத்தில் இருப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். சின்னச் சத்தம், பூனைக்குட்டிபோல. நர்ஸ் வேகமாக நடந்து போனாள், வெற்றி பின்னாலேயே ஓடினான், கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் இரண்டு பேரும் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா ஃபிளாஸ்கிலிருந்து யாருக்கோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வேறு ஒன்று வந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்காத ஒன்று. கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவ எப்படி இருந்தா?" என்றேன்.

"யாரு, தேனுவா? அதான் நல்லா இருக்கான்னு சொன்னாங்களே."

"இல்லங்க. நம்ம மொதப் பொண்ணு. உங்க அம்மாவும் நீங்களுந்தான பாத்தீங்க. எனக்குக் காட்டாமத்தான கொண்டு போனீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கையைத் தொடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.  டீ ஊற்றின அம்மா எழுந்து போய்விட்டாள்.

"தல நெறைய முடி இருந்துச்சு, திலகா" என்றார்.  "கருகருன்னு. துணிக்கு வெளிய வந்து ஒட்டியிருந்துச்சு. காது ரெண்டும் உன்ன மாதிரியே, கொஞ்சம் வெளிய தள்ளி."

நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னும் சொல்லுங்க" என்றேன்.